யார் வீட்டில் யார் உண்பது? சப்பர் கிளப்புகளும் சாதியின் அடுப்பங்கரையும்

இந்தியப் பெருநகரங்களின் வசதிமிக்க குடியிருப்புகளில் கடந்த பத்தாண்டுகளாக ஒரு புதிய உணவுப் பழக்கம் வேரூன்றி வருகிறது. உணவகத்துக்குச் செல்லாமல், முன்பின் அறியாத ஒருவரின் வீட்டுக்குச் சென்று, அவர் சமைத்ததை அவருடைய மேசையிலேயே அமர்ந்து, கட்டணம் செலுத்தி உண்பது. மும்பை, தில்லி, பெங்களூரு, கோவா, சென்னை என்று பரவியுள்ள இந்த ஏற்பாட்டுக்குச் சப்பர் கிளப் என்று பெயர். எட்டு முதல் பதினைந்து பேர் வரை அமர்கிறார்கள். பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் அறிவிப்பு வெளியாகிறது. பணம் முன்கூட்டியே செலுத்தப்படுகிறது. இடம் உறுதியான பிறகே வீட்டு முகவரி தரப்படுகிறது.

ஆங்கில நாளேடுகளின் வார இறுதிப் பக்கங்கள் இதைக் கொண்டாடுகின்றன. அந்நியர்கள் ஒரே மேசையில் அமர்கிறார்கள், உரையாடுகிறார்கள், மறைந்துபோன சமையல் மரபுகள் மீட்கப்படுகின்றன, வீட்டுக்குள் இருந்த பெண்களின் கைத்திறனுக்கு வருமானம் கிடைக்கிறது என்பன அவை சொல்லும் நன்மைகள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. குறிப்பாகக் கடைசியாகச் சொன்ன நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த நாட்டில் ‘யார் வீட்டில் யார் உண்பது’ என்பது ஒருபோதும் சுவை பற்றிய கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. சாதி தன்னை நாள்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் இடம் அடுப்பங்கரை. அந்த அடுப்பங்கரை இன்று வணிகமாகும்போது, அதற்குள் இருந்த சாதி வெளியேறிவிட்டதா, அல்லது அதுவும் சேர்ந்தே விற்பனைக்கு வந்திருக்கிறதா என்பதை ஆராய வேண்டியிருக்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்ட அந்நியர்கள்

தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். திருக்குறள் விருந்தினரை வேறாகவும் சுற்றத்தாரை வேறாகவும் எண்ணுகிறது. அதாவது உறவினருக்குச் சோறிடுவது விருந்தோம்பல் ஆகாது. அறியாதவருக்குக் கதவைத் திறப்பதே விருந்தோம்பல். சப்பர் கிளப்பும் அந்நியருக்குக் கதவைத் திறப்பதாகவே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. எந்த அந்நியருக்கு என்று கேட்டால்தான் விடை சிக்கலாகிறது.

பல கிளப்புகளில் இடம் கேட்பவர் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், தொழில், சமூக ஊடகக் கணக்கு, தம்மைப் பற்றிச் சில வரிகள். அவற்றைப் பார்த்து, வீட்டுக்காரர் யாரை அழைப்பது என்று முடிவு செய்கிறார். வீட்டுக்குள் அந்நியரை விடும் ஒருவர், குறிப்பாக ஒரு பெண், பாதுகாப்புக்காக இவ்வாறு கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் இந்தியாவில் பெயர் வெறும் பெயராக நிற்பதில்லை. பின்னொட்டு, ஊர், படித்த கல்லூரி, பேசும் ஆங்கிலம், சுயவிவரப் படத்தில் உள்ள அம்பேத்கர் ஆகிய எல்லாமே சாதியைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சான்றிதழ்கள்தான். மறுக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. ‘இடங்கள் நிரம்பிவிட்டன’ என்ற ஒரு வரியோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

இது வெறும் ஐயம் என்று ஒதுக்குபவர்களுக்கு இரண்டு ஆய்வுகளை நினைவூட்டலாம். வீடுகளை அந்நியருக்கு வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தைப் பற்றி ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடத்திய கள ஆய்வு 2017இல் வெளியானது. மற்ற எல்லா விவரங்களும் ஒன்றாக இருக்க, கறுப்பினத்தவருடையது என்று அடையாளம் காணத்தக்க பெயர் கொண்ட விருந்தினர்களின் வேண்டுகோள் ஏற்கப்படும் வாய்ப்பு 16 விழுக்காடு குறைவாக இருந்தது. இங்கே, சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் தில்லி தலைநகர்ப் பகுதியின் வாடகை வீடுகள் குறித்து நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. தலித் பெயரோடும் முஸ்லிம் பெயரோடும் வீடு கேட்டவர்கள் நேரடி மறுப்பையும் கூடுதல் நிபந்தனைகளையும் சந்தித்ததை அது பதிவு செய்தது. ஏர்பிஎன்பி ஆய்வில் வீட்டுக்காரர் எதிரில் இருந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. பெயரே போதுமானதாக இருந்தது. பெயரைப் பார்த்து அறையை மறுக்கும் சமூகம், அதே பெயரைப் பார்த்துச் சாப்பாட்டு மேசையை மட்டும் தயக்கமின்றித் தந்துவிடும் என்று நம்ப நமக்குக் காரணம் இல்லை.

உணவு பாயும் திசை

விருந்தினர் பட்டியலைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. சாதி ஒழுங்கில் உணவுக்குத் திசை உண்டு. மேல் எனப்படுவோர் சமைத்ததைக் கீழ் எனப்படுவோர் உண்ணலாம். கீழ் எனப்படுவோர் சமைத்ததை மேல் எனப்படுவோர் உண்ணலாகாது. எனவே பார்ப்பனர் சமைத்த உணவு எல்லாருக்கும் ஏற்புடையதாயிற்று. தென்னிந்திய உணவக வணிகத்தின் தொடக்க வரலாறே இந்த விதியின்மேல் எழுந்ததுதான். பார்ப்பனச் சமையல்காரர் என்பது அக்காலத்தில் உணவின் தரத்துக்கான முத்திரையாகவே இருந்தது.

கிளப் என்ற சொல்கூடத் தமிழருக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நம் ஊர்களில் உணவகத்துக்கே கிளப் என்றுதான் பெயர். ‘பிராமணாள் காபி கிளப்’ என்ற பலகைகள் தெருவெங்கும் தொங்கின. பல உணவகங்களில் பார்ப்பனருக்குத் தனி இடமும் மற்றவருக்கு வேறு இடமும் ஒதுக்கப்பட்டன. தலித்துகள் உள்ளே வருவதைப் பற்றிய பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. ரயில் நிலைய உணவுச்சாலைகளில் நிலவிய இந்தப் பிரிவினையை நீக்குவதற்கும் போராட வேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கழித்தும், 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றப் பெரியாரின் இயக்கத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதாகினர்.

இந்த வரலாற்றோடு இன்றைய சப்பர் கிளப்பை வைத்துப் பார்ப்போம். இந்த மேசைகளில் தலித் விருந்தினர் ஒருவர் அமர்ந்துவிட்டால் சாதி உடைந்துவிட்டதா? அவர் மேல் எனப்பட்டோரின் வீட்டில், அவர்கள் சமைத்ததை, பணம் கொடுத்து உண்கிறார். உணவு பழைய திசையிலேயே பாய்கிறது. மனு எழுதிய ஒழுங்கு இதில் பெரிதாகக் குலைந்துவிடவில்லை. அது குலைய வேண்டுமானால் திசை மாற வேண்டும். ஒரு தலித் பெண் தன் வீட்டில், தன் அடுப்பில், தன் பாத்திரத்தில் சமைத்து, தன் பெயரோடு விருந்தை அறிவிக்கும்போது, மயிலாப்பூரிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் பணம் செலுத்தி எத்தனை பேர் வருவார்கள்? அவர் ஊற்றித்தரும் தண்ணீரை எத்தனை பேர் குடிப்பார்கள்? சப்பர் கிளப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி இது. விருந்தாளியாக அனுமதிக்கப்படுவதைவிட, விருந்தளிப்பவராக ஏற்கப்படுவதுதான் இந்தச் சமூகத்தில் கடினம்.

அடுப்பங்கரையின் புள்ளிவிவரம்

நகரத்தின் படித்த வர்க்கம் இதையெல்லாம் கடந்துவிட்டது என்ற வாதம் உடனே எழும். தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் கழகமும் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் இணைந்து 2011-12இல் நடத்திய இந்திய மனித வளர்ச்சி ஆய்வு, 42,000 குடும்பங்களுக்கு மேல் சென்று தீண்டாமை பற்றி நேரடியாகவே கேட்டது. வீட்டில் யாரேனும் தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் அடுப்பங்கரைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ சம்மதமா என்பது அடுத்த கேள்வி. ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் தீண்டாமையை ஒப்புக்கொண்டனர். பார்ப்பனக் குடும்பங்களில் இது பாதிக்கும் மேல்; பிற்படுத்தப்பட்டோர் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கு. வாய்விட்டு ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இவ்வளவு பேர் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

2017இல் புனேயில் நடந்தது இந்தப் புள்ளிவிவரத்துக்கு ஓர் உருவம் தந்தது. வானிலை ஆய்வுத் துறையின் மூத்த அறிவியலாளர் ஒருவர், தம் வீட்டில் சடங்கு நாள்களில் சமைத்த பெண் தன் சாதியை மறைத்து ஏமாற்றிவிட்டார் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பார்ப்பனர் அல்லாத ஒருவரின் கை பட்டதால் சமையல் தீட்டாகிவிட்டது என்பது குற்றச்சாட்டு. அந்தச் சமையலர் தலித்கூட அல்லர். மராத்தா சாதியைச் சேர்ந்தவர். கடும் எதிர்ப்பு எழுந்த பிறகு புகார் திரும்பப் பெறப்பட்டது. வளிமண்டலத்தை அளக்கும் கல்வியாலும் அடுப்பங்கரையின் தீட்டைக் கழுவ முடியவில்லை.

தமிழ்நாடு இதற்கு விதிவிலக்கு என்று மார்தட்ட முடியாது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். தடுத்தவர்கள்மேல் நடவடிக்கை எடுப்பதற்கு முன்பு, அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் இடமாற்றம் செய்தனர். போராட்டத்துக்குப் பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2023இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட சில நாள்களிலேயே, கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் தலித் பெண் சமைத்த உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணப் பெற்றோர் சிலர் மறுத்தனர். மாவட்ட ஆட்சியரே நேரில் சென்று அங்கே உண்ண வேண்டியிருந்தது. அரசுக் கட்டடத்தில், அரசு அரிசியில், இலவசமாகத் தரப்படும் உணவுக்கே இந்த நிலை. தலித் பெண்ணொருத்தி தன் வீட்டில் கட்டணம் வைத்து விருந்து நடத்துவது எவ்வளவு பெரிய தடையை எதிர்கொள்ளும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

எந்தச் சமையல் மரபு?

சப்பர் கிளப்புகளின் அறிவிப்புகளில் சாதி ஒளிந்திருப்பதில்லை; பெருமையோடு முன்னே நிற்கிறது. அய்யங்கார் விருந்து, செட்டிநாட்டு விருந்து, கொங்குக் கவுண்டர் வீட்டுச் சமையல், கவுட சாரஸ்வதர் உணவு, சிரியன் கிறித்தவர் உணவு என்று சமூகத்தின் பெயரே உணவின் பெயராகிறது. ‘பாட்டியின் கைப்பக்குவம்’, ‘தலைமுறைகளாகக் காத்த ரகசியம்’ என்பன கூடுதல் அணிகலன்கள். அகமணத்தால் மூடப்பட்ட குடும்பங்களுக்குள் பிறர் கைபடாமல் காக்கப்பட்ட சமையல்தான் இங்கே ‘அசல்’ என்று மதிக்கப்படுகிறது. சாதியின் மூடிய கதவு, சந்தையில் தரத்தின் சான்றாக மாறியிருக்கிறது.

இந்த வரிசையில் பறையர் வீட்டு விருந்தோ அருந்ததியர் வீட்டு விருந்தோ ஏன் அரிதினும் அரிதாகிறது? அங்கே சமையல் மரபு இல்லாததாலா? உப்புக்கண்டம் போட்டுக் காயவைத்த மாட்டிறைச்சி, குடல், ஈரல், சுவரொட்டி, இரத்தப் பொரியல், நத்தை, வயல் நண்டு, கருவாடு, களத்துமேட்டுக் கீரைகள் என்று குறைந்த எண்ணெயிலும் நிறைந்த அறிவிலும் வளர்ந்த சமையல் நம்முடையது. மராத்தியில் ஷாகு பட்டோலே 2015இல் வெளியிட்ட ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ என்ற நூல், மராத்வாடாவின் மகர், மாங் மக்களுடைய உணவை அதன் வரலாற்றோடு பதிவு செய்தது. அன்னமே முழுமையான பிரம்மம் என்ற உயர்சாதி வழக்கைத் திருப்பிப் போட்டு, ‘இந்த அன்னம் முழுமையற்ற பிரம்மம்’ என்று அவர் பெயரிட்டார். ஆங்கிலத்தில் 2024இல் அது வெளிவந்த பிறகுதான் நகரத்து உணவு எழுத்தாளர்கள் பலர் இப்படியொரு சமையல் இருப்பதையே கவனித்தனர். இதற்கு முன்பே 2016இல் சந்திரபான் பிரசாத் ‘தலித் ஃபுட்ஸ்’ என்ற பெயரில் ஊறுகாயையும் மசாலாவையும் இணையச் சந்தைக்குக் கொண்டு வந்தார். சாதிப் பெயரைத் தாங்கிய பொட்டலத்தை நடுத்தர வர்க்கம் வாங்குமா என்று சோதித்த முயற்சி அது.

அரசும் இந்த விலக்கலில் பங்கு கொள்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவிக்கப்பட்டபோது, அந்த ஊரின் அன்றாட உணவான மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடம் தரப்படவில்லை. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று மாவட்ட நிருவாகத்திடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டிறைச்சி உண்பது தமிழ்நாட்டில் குற்றமன்று. ஆனாலும் ‘தமிழர் உணவு’ என்ற மேசையில் அது வைக்கப்படும்போது மட்டும் கைகள் நடுங்குகின்றன.

உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கும் நம் மாணவர்களுக்கு இது தெரிந்த கதைதான். 2018இல் சென்னை ஐஐடி உணவுக்கூடம் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று சுவரொட்டி ஒட்டப்பட்டுப் பின் அகற்றப்பட்டது. 2023இல் மும்பை ஐஐடியில் சைவர்களுக்கென மேசைகள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து, அங்கே அமர்ந்து அசைவம் உண்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ‘உணவு அவரவர் விருப்பம்’ என்ற மொழியில்தான் இவை அனைத்தும் நியாயப்படுத்தப்பட்டன. சப்பர் கிளப்பின் மொழியும் அதுவே.

வீடு என்னும் மூலதனம்

விருந்து நடத்தச் சமையல் தெரிந்தால் மட்டும் போதாது; வீடு வேண்டும். பத்துப் பேர் அமரும் கூடம், பார்வைக்கு நல்ல பகுதி, வண்டி நிறுத்த இடம், முணுமுணுக்காத அண்டைவீட்டார், இறைச்சி சமைப்பதற்குத் தடை சொல்லாத வீட்டுச் சொந்தக்காரர். ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று எழுதாத வாடகை அறிவிப்பைத் தேடி அலையும் தலித் குடும்பத்துக்கு இவற்றுள் எத்தனை வாய்க்கும்? நகரத்தின் ஆற்றோரங்களிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அகற்றப்பட்டவர்களின் வீடுகளில் அடுப்புக்கும் படுக்கைக்கும் இடையே சில அடிகளே உண்டு. பல தலைமுறைகளாகச் சேர்ந்த நிலமும் வீடும்தான் இந்த வணிகத்தின் முதலீடு. அந்த முதலீட்டைச் சாதி முன்பே பங்கிட்டுவிட்டது.

அந்த வீடுகளுக்குள் உழைப்பவர் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. ‘பாட்டியின் கைப்பக்குவம்’ என்று விற்கப்படும் விருந்துக்குப் பின்னே மசாலா அரைப்பவர், மீன் கழுவுபவர், முப்பது தட்டுகளைத் துலக்குபவர், விருந்தினர் போன பிறகு கழிவறையைச் சுத்தம் செய்பவர் ஆகியோர் உண்டு. இவர்களின் பெயர் எந்த அறிவிப்பிலும் வருவதில்லை. வீட்டுப் பணியாளருக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்திருக்கும் நகரத்து வீடுகளை நாம் அறிவோம். தேநீர்க் கடையில் இருந்தால் இரட்டைக் குவளை என்று வழக்குத் தொடுக்கிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் அது ‘வீட்டு வழக்கம்’. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், பணம் கொடுத்த அந்நியர் பீங்கான் தட்டில் உண்பதையும், பத்தாண்டுகளாக அங்கே உழைக்கும் பெண் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒதுக்கிவைத்த எவர்சில்வர் தட்டை எடுப்பதையும் எப்படிச் சமத்துவம் என்று அழைப்பது?

கதவு திறந்தால் அது கடை

‘என் வீடு, என் மேசை, யாரை அழைப்பது என்பது என் உரிமை’ என்பது விருந்தளிப்போரின் இறுதி வாதமாக இருக்கும். நண்பரை அழைத்து உண்பவருக்கு அது பொருந்தும். விலை வைத்து, பொதுவெளியில் விளம்பரம் செய்து, பணம் பெற்று உணவு தருபவருக்கு அது பொருந்துமா?

அரசியலமைப்பின் 15(2) ஆவது பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் சாதி, மதம், இனம், பாலினம், பிறப்பிடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, ‘கடை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உறுப்பினர்கள் கேட்டனர். புரட்சியாளர் அம்பேத்கர் தந்த விளக்கம், அச்சொல் விரிந்த பொருளில் ஆளப்படுகிறது, கட்டணத்துக்குச் சேவை வழங்க முன்வரும் எவரும் அதற்குள் அடங்குவர் என்பதாகும். சலவைக்காரரும் முடிதிருத்துபவரும் சேவையை மறுத்த நாட்டில், சுவரும் பலகையும் உள்ள இடத்தை மட்டும் கடை என்று வரையறுத்தால் தீண்டாமை வேறு வழியில் தப்பிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். 2011இல் உச்ச நீதிமன்றம், தனியார் கல்லூரி ஒன்றின் சேர்க்கை தொடர்பான வழக்கில், இந்த விளக்கத்தை எடுத்துக்காட்டி 15(2)இன் ‘கடை’ என்பதற்கு விரிந்த பொருளே தந்தது.

இதன்படி பார்த்தால், கட்டணம் வாங்கும் சாப்பாட்டு மேசை வீட்டுக்குள் இருந்தாலும் கடையே. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையின் பெயரால் உணவகத்தில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்குகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொது இடங்களில் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும், தலித் ஒருவர் தொழிலோ வணிகமோ செய்யவிடாமல் தடுப்பதையும் தண்டிக்கிறது. வீட்டில் விருந்து நடத்த முனையும் தலித் பெண்ணை அண்டைவீட்டார் மிரட்டினால், இந்தப் பிரிவு அவருக்குக் கருவியாக வேண்டும். இல்ல விருந்துகளை முறைப்படுத்துவது இயலாத காரியம் அன்று. 1990களில் க்யூபா வீடுகளில் உணவகம் நடத்த உரிமம் வழங்கியபோது, 12 இருக்கைகளுக்கு மேல் கூடாது என்றே வரையறுத்தது. இருக்கையை எண்ண முடிந்த அரசால், பாகுபாட்டையும் தடுக்க முடியும். ஏர்பிஎன்பி நிறுவனம்கூட, இனப்பாகுபாடு அம்பலமான பிறகு, பாகுபாடு காட்டமாட்டேன் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் உறுதிமொழி வாங்கத் தொடங்கியது. நம் நாட்டில் சப்பர் கிளப்புகளுக்கு இடம் பதிவு செய்துதரும் தளங்களிடம் அத்தகைய உறுதிமொழியை, ‘சாதி’ என்ற சொல் வெளிப்படையாக இடம்பெறும் வடிவில், நாம் கேட்க வேண்டும்.

வேறொரு மேசையின் வரலாறு

வீட்டு விருந்து என்றாலே அது ஆதிக்கத்தின் கருவி என்று நாம் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டோரின் கையில் அது வேறொன்றாகவும் இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் 1955-56இல் பேருந்துப் புறக்கணிப்பு நடந்தபோது, ஜார்ஜியா கில்மோர் என்ற கறுப்பினச் சமையலர் பெண்களைத் திரட்டி, உணவும் கேக்கும் விற்று இயக்கத்துக்கு நிதி சேர்த்தார். பெயர் வெளியே தெரிந்தால் வெள்ளை முதலாளிகள் வேலையைப் பறிப்பார்கள் என்பதால், அந்தக் குழு ‘எங்கிருந்தோ வந்த கிளப்’ என்ற பெயரில் இயங்கியது. மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்கில் சாட்சி சொன்ன கில்மோர் தம் வேலையை இழந்தார். கிங்கின் ஊக்கத்தோடு அவர் தம் வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். இயக்கத் தலைவர்கள் அங்கே கூடித் திட்டமிட்டனர்; நகரத்தின் உணவகங்களில் சேர்ந்து அமர முடியாத கறுப்பரும் வெள்ளையரும் அவருடைய சாப்பாட்டு மேசையில் சேர்ந்து உண்டனர். அங்கே விருந்தளித்தவர் கறுப்பினப் பெண். திசை மாறிய மேசை அது.

நமக்கு அருகிலும் சான்று உண்டு. 1917 மே மாதம், கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக அமரவைத்து உண்ணச் செய்தார். மிசிரபோஜனம் எனப்பட்ட அந்த எளிய உணவுக்காக அவருடைய சொந்தச் சமூகமே அவரையும் அவரோடு உண்டவர்களையும் விலக்கிவைத்தது. ‘புலையன் அய்யப்பன்’ என்று இழித்துரைத்த பெயரை அவர் விருதாக ஏற்றார். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. அந்தப் பந்திகளில் உட்கார்ந்தவர்களும் எழுந்தவர்களும் விலை கொடுத்தார்கள். கட்டணம் செலுத்தி உண்பதற்கும் விலை கொடுத்து உண்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆயினும் அம்பேத்கரின் எச்சரிக்கையை நாம் மறந்துவிடக் கூடாது. 1936இல் வெளிவந்த ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில், சேர்ந்து உண்பதால் மட்டும் சாதியுணர்வு அழிந்துவிடவில்லை என்பதை அவர் தெளிவாகக் காட்டினார். சேர்ந்து உண்ணும் சாதிகள் பல இருந்தும் சாதி நீடிப்பதைச் சுட்டி, கலப்பு மணத்தையும் சாதிக்கு அடிப்படையான சாத்திரங்களின் புனிதத்தைத் தகர்ப்பதையும் தீர்வாக முன்வைத்தார். ஒரே மேசையில் உண்டுவிட்டு, மறுநாள் சாதிவாரித் திருமணத் தளத்தில் மகளுக்கு வரன் தேடுபவர் சமத்துவவாதி ஆகிவிடமாட்டார். தேர்தல் காலத்தில் தலித் வீட்டில் உணவருந்திப் படமெடுத்துக்கொள்ளும் அரசியல்வாதியும் அப்படித்தான்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? பிறருடைய மேசையில் இடம் கேட்பது ஒரு பணி. அதற்குச் சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். காரணமின்றி மறுக்கப்படும் தோழர்கள் அறிவிப்பு, படிவம், பதில் ஆகியவற்றைப் பாதுகாத்து ஆவணமாக்க வேண்டும். ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையத்தின் முன் அவற்றைக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டண விருந்து நடத்தும் வீடுகளும் 15(2)இன் எல்லைக்குள் வருவதை மாநில அரசு ஆணையாக வெளியிடக் கோர வேண்டும்.

அதைவிடப் பெரிய பணி நம்முடைய மேசையை விரிப்பது. தாட்கோ கடனுதவியை ஆட்டோவுக்கும் கறவை மாட்டுக்கும் மட்டும் நினைக்காமல், பெண்கள் நடத்தும் வீட்டுச் சமையலுக்கும் விருந்துக்கும் பெற முடியுமா என்று சுயஉதவிக் குழுக்கள் முயல வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு உணவுத் தொழிலாகப் பதிவு செய்வது எளிய நடைமுறையே. மாணவர்கள் அதற்குத் துணைநிற்கலாம். வீடு சிறிதென்றால் படிப்பு வட்டங்களும் அம்பேத்கர் மன்றங்களும் கூடமாகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: நம் உணவு வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாது. குடலையும் இரத்தப் பொரியலையும் ருசித்துப் படமெடுத்துப் போகும் சுற்றுலாவாக அது முடியக் கூடாது. அந்த உணவு ஏன் நம்முடையதாயிற்று, நல்ல துண்டுகள் யாருக்குப் போயின, எந்த நிலத்தில் யார் விளைத்த நெல் யார் வீட்டுக் குதிரை நிரப்பியது என்ற வரலாறும் சோற்றோடு பரிமாறப்பட வேண்டும். பரிமாறுபவர் தம் பெயரை மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்ண வருபவர் அவர் தரும் தண்ணீரைக் குடிக்க வேண்டும்.

ஆகவே சப்பர் கிளப்புகளைப் பற்றி அடுத்து வெளிவரும் பாராட்டுக் கட்டுரையைப் படிக்கும்போது, மேசையில் எத்தனை வகை உணவு இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டுக்காரர்கள் கடைசியாகச் சேரிக்குச் சென்று ஒரு தலித் வீட்டில் அமர்ந்து உண்டது எப்போது என்று கேட்போம்.